விவாதம்: ஆண்கள் ஏன் ஆலயத்து வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுகிறார்கள்?

தேரிக்காடு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துத் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களுக்கு ஞாயிறு காலை போய் வருகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதில்லை. இரண்டாம் மணி அடித்து, பாட்டும் தொடங்கியிருக்கும். ஆண்கள் கூட்டம் இன்னும் வெளியே மரத்தடியில் நிற்கும். பாவ அறிக்கை முடிந்து வேதபாடம் வாசிக்கையில் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். பிரசங்கம் தொடங்கியதும் அதில் சிலர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். பெண்கள் பக்கம் இடம் கொள்ளாமல் வராந்தா வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் பெரியவர்கள், கடைசியில் பையன்கள், நடுவில் காலி. முப்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்கிறவர்கள் உட்கார வேண்டிய இடம் அது.

இவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள் அல்ல. சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகை வந்தால் முந்தின நாளே அடுப்பு வெட்டி, விடிய விடிய நின்று சோறு வடிக்கிறவர்கள் இவர்கள்தான். சபையில் ஒரு சாவு என்றால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும், பெட்டியைத் தோளில் சுமப்பதும் இவர்கள்தான். ஆராதனை ஒன்றுதான் இவர்களுக்கு அந்நியமாகிவிட்டது.

காரணம் கேட்டால் பிரசங்கம் நீளம், பாட்டு இழுவை என்பார்கள். நான் பார்க்கிற காரணம் வேறு. நம் சபையில் வளர்ந்த ஆணுக்கு இரண்டே இடம்தான் இருக்கிறது. ஒன்று கமிட்டி. மற்றொன்று ஜெபக்குறிப்பு.

கமிட்டி என்றால் சேகரக் கமிட்டி (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகள் சேர்ந்தது சேகரம்), திருமண்டலத் (பேராயத்தின்) தேர்தல், அணி, வழக்கு எல்லாம்தான். அதில் இறங்கியவன் கோயிலுக்குள் கண்ணை மூடி ஜெபித்தாலும் மனதில் ஓட்டுக் கணக்கு ஓடுகிறது. தோற்ற அணிக்காரர் மறு ஞாயிறே பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போய்விடுகிறார், அல்லது வீட்டு டிவியில் பிரசங்கம் கேட்கிறார். ஜெபக்குறிப்பு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வருவது. "வீட்டுக்காரர் குடியை விடணும்", "மகனுக்கு ஒரு வேலை அமையணும்", "அண்ணன் கடன் தீரணும்." அவன் பேரைச் சொல்லி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கண்ணீர்விட்டு ஜெபித்திருப்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் படியேறும்போது அவன் கதை எல்லாருக்கும் தெரியும், அவனோ ஒருவரிடமும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் மரத்தடியில் நிற்காமல் வேறு எங்கே நிற்பான்?

தன் பாரத்தைத் தானே சொல்ல, தன் வயதொத்த நாலு பேர் அதைக் கேட்க, ஓர் இடம் நம் சபையில் இருக்கிறதா? உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள்.

---

பாளை_வாத்தியார் எழுதியது:

தம்பி, இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை இல்லை, இன்று நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் போதகர் காட்டன் மேதர் 1692லேயே சபையில் பெண்களே அதிகம் என்று எழுதிவைத்தார். 1911, 12இல் ஆண்களைச் சபைக்குத் திருப்புவதற்கென்றே அங்கே ஊர் ஊராகப் பெரிய இயக்கம் நடத்தினார்கள். 1990இல் கால்பந்துப் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி இன்னொன்றைத் தொடங்கினார். 1997 அக்டோபரில் வாஷிங்டனில் லட்சக்கணக்கான ஆண்கள் கூடி ஜெபித்தார்கள். சில வருடங்களில் அந்த வேகம் தணிந்துவிட்டது. மைதானத்துக்கு ஆண்கள் வந்தார்கள். திங்கட்கிழமை அவர்களுக்கென்று உள்ளூர் சபையில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

பியூ ஆய்வு நிறுவனம் 2016இல் பல நாடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட அறிக்கையையும் பாருங்கள். கிறிஸ்தவர்களில் வாராந்தர ஆராதனைக்குப் பெண்களே கூடுதலாகப் போகிறார்கள். இஸ்லாமியரில் ஆண்கள்தான் கூடுதல். ஜும்மா தொழுகை அங்கே ஆணுக்குக் கடமை. ஆகவே ஆண்பிள்ளைக்கு இயல்பாகவே பக்தி குறைவு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

இனி நம் வட்டாரம். முதலூர் 1799இல் உண்டானது. ஊரில் வாழ முடியாமல் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்திய ஊர் அது. 1830இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் (போதகரை நாம் ஐயர் என்போம்) தர்ம சங்கம் தொடங்கியதும் இதே காரியத்துக்காக. நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் 1878இல் கைத்தொழில் பள்ளி வைத்தார். தச்சு, இரும்பு என்று பையன்கள் தொழில் கற்றார்கள். அந்தக் காலத்து ஆணுக்கு நிலம், வழக்கு, கடன், பிள்ளையின் படிப்பு, கைத்தொழில் எல்லாமே கோயில் வாசலில்தான் பேசி முடிந்தன. பனையேறிகள் பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் மரத்தில் இருப்பார்கள், ஆராதனைக்கு வர முடியாது. ஆனாலும் கோயில் தன்னுடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர்கள் வாழ்க்கைப்பாடு அதற்குள் இருந்தது.

இன்று அந்த வேலைகளை வங்கியும் கோர்ட்டும் கோச்சிங் சென்டரும் எடுத்துக்கொண்டன. சபையில் ஆணுக்கு மிஞ்சியது காணிக்கைத் தட்டு ஏந்துவது மட்டும்.

---

கைப்பிடி_அரிசி எழுதியது:

ஐயாவுக்கும் தேரிக்காடு அண்ணனுக்கும் வணக்கம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருஷமாக இருக்கிறேன். கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிச் சபையைக் கூட்டியதே ஒரு பெண். குளோரிந்தா அம்மையார் 1785இல் பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் இன்றும் சொல்கிறோம். அன்று முதல் இன்று வரை அடுப்படியில் கைப்பிடி அரிசி எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுக்கிறவர்கள் நாங்கள். சனிக்கிழமை ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும் நாங்கள்தான். தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013இல் ஒரு பெண் பேராயரும் ஆனார். நம் சேகரங்களில் எத்தனை கமிட்டிகளில் ஒரு பெண் பொருளாளர் இருக்கிறார், சொல்லுங்கள். சாவியும் கணக்கும் ஆண்கள் கையில். அப்படியிருந்தும் ஆண்கள் அந்நியமாய் உணர்கிறார்கள் என்றால், அதிகாரம் கொடுத்தால் ஒட்டுதல் வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஜெபக்குறிப்பு விஷயம். ஒரு பெண் வெள்ளிக்கிழமை வந்து புருஷன் குடியைச் சொல்லி அழுகிறாள். வேறு எங்கே போய்ச் சொல்வாள்? அம்மா வீட்டில் சொன்னால் சண்டை வரும், போலீசுக்குப் போனால் ஊர் பேசும். 2003இல் அரசே டாஸ்மாக் கடை திறந்த பிறகு எங்கள் ஜெபக்கூட்டத்தில் எத்தனை பெண்கள் புதிதாக வந்து உட்கார்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் திறந்திருப்பது அந்த ஒரு கதவு. ஆண்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அதையும் சாத்திவிடச் சொல்லாதீர்கள். ஆண்களும் தங்களுக்கென்று ஒரு வெள்ளிக்கிழமையை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

---

வேளச்சேரி_கிட்டார் எழுதியது:

பிரைஸ் த லார்ட். நான் சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஆராதனைக் குழுவில் வாசிக்கிறேன். இவ்வளவு பெரிய காரணம் எல்லாம் வேண்டாம் என்று தோன்றுகிறது. இப்போது வருகிற பாடல்களைக் கேளுங்கள். மடி, மார்பு, அணைப்பு, முத்தம் என்றே போகிறது. மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிற என் நண்பனை அழைத்துவந்தேன். இரண்டாவது பாட்டிலேயே அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. போர்வீரன், கோட்டை, ஜெயம் என்று பாட்டு வந்தால் ஆண்கள் வருவார்கள்.

---

பாளை_வாத்தியார் எழுதியது:

இது மேல்நாட்டில் சொல்கிற காரணம், தம்பி. தமிழனுக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் தங்களைப் பெண்ணாக வைத்துப் பாடினார்கள். திருமங்கை மன்னன் வாள் பிடித்தவர். மாணிக்கவாசகர் அமைச்சராக இருந்தவர், அவர் அழாத அழுகையா? அந்தப் பாசுரங்களை இன்றும் கோயில்களில் ஆண்கள் கோஷ்டியாக நின்று சொல்கிறார்கள். ஒருவருக்கும் கூச்சமில்லை. நம்மிடத்திலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலந்தொட்டு கீர்த்தனைகளை ஆண்கள் தாளம் போட்டுப் பாடினார்கள். உருக்கம் நம் ஆண்களுக்குப் புதிதல்ல.

உங்கள் நண்பர் கூசியதற்கு வேறு காரணம் இருக்கலாம். முன்பு சபையார் பாடினார்கள். இன்று மேடையில் மைக் வைத்துச் சிலர் பாடுகிறார்கள், மற்றவர்கள் திரையைப் பார்த்து நிற்கிறார்கள். கோஷ்டியில் ஒருவனாக நின்று பாடும்போது எந்த வார்த்தையும் வாயில் வரும். தனியாக நின்று பிறர் பாடுவதைப் பார்க்கும்போது வராது.

---

ஷார்ஜா_ஷிப்ட் எழுதியது:

அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க. வளைகுடாவுல தமிழ் ஆராதனையில ஆம்பளைங்கதான் நிறைஞ்சிருப்பாங்க. ரொம்ப காலம் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஓய்வு நாள் ஆராதனை. 2022ல எமிரேட்ஸ்ல வார விடுமுறையை மாத்தினாலும் கேம்ப்ல இருக்குற நிறைய பேருக்கு இன்னும் வெள்ளிதான் தோது. வெல்டர், டிரைவர், ஸ்கஃபோல்டிங் போடுறவன், சமையல்காரன் எல்லாரும் குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டு பஸ் பிடிச்சு வருவான். ஊர்ல மரத்தடியில நின்ன அதே ஆளு இங்க வேதபாடம் வாசிக்கிறான்.

ஏன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். இங்க ஒருத்தனுக்கும் அப்பா பேரு, வீட்டு நிலவரம், பழைய பாக்கி எதுவும் மத்தவனுக்குத் தெரியாது. அவனா சொன்னாதான் தெரியும். அவனே சொல்லுவான். சம்பளம் மூணு மாசமா வரல, பொண்ணுக்குக் கல்யாணம் பேசுறாங்க லீவு கிடைக்கல, அம்மா செத்ததுக்குப் போக முடியல. இதெல்லாம் ஆராதனை முடிஞ்சு வெளிய பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டே சொல்லுவான். அங்கயே நாலு பேரு கை வச்சு ஜெபிப்பான். காசும் சேர்த்துக் கொடுப்பான்.

அதே ஆளு ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல ஊருக்குப் போறான். முதல் ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கணும், கோபுர வேலைக்கு எவ்வளவு தர்றீங்கன்னு கேப்பாங்க. கேக்குறது தப்புன்னு சொல்லல. ஆனா "எப்படி இருக்க, அங்க என்ன சாப்பிடுற" அப்படின்னு கோயில் வளாகத்துக்குள்ள யாராவது கேட்டாங்களான்னு விசாரிச்சா தலையாட்டுவான்.

---

முட்டம்_கடல் எழுதியது:

கத்தோலிக்கன் ஒருவன் குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்ற வழக்கமும் எத்தனையோ தலைமுறையாக உண்டு. அதனால் ஊர் வேறு, கோயில் வேறு என்று ஆண்கள் நினைத்ததில்லை. புயலில் ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் முதலில் அடிப்பது கோயில் மணி.

ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வந்து பாருங்கள், முழுக்கப் பெண்கள்தான். மரியாயின் சேனை என்ற பக்தி சங்கத்திலும் பெரும்பாலும் அவர்களே. ஆண்கள் ஒட்டிக்கொண்டு இருப்பது வின்சென்ட் தே பவுல் சபையில். 1833இல் பாரிசில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது அது. எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்ச் சபையில், வாராவாரம் சில ஆண்கள் கூடுகிறார்கள். ஏழை வீட்டுக்கு இரண்டு பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அரிசிக்கா மருந்துக்கா என்று பேசி முடிவெடுக்கிறார்கள். முதலிலும் முடிவிலும் ஜெபம். பேச்சு குறைவு, வேலை அதிகம். அந்த வேலையின் நடுவே தங்கள் வீட்டுக் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறார்கள். வட்டமாக உட்காரவைத்து "உங்கள் உள்ளத்தைத் திறங்கள்" என்றால் எங்கள் ஆட்கள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

---

பெயர்_வேண்டாமே எழுதியது:

நான் எழுதுவதில்லை, வாசிக்கிறவன். தேரிக்காடு அண்ணாச்சி எழுதியதைப் பார்த்துக் கை சும்மா இருக்கவில்லை.

எனக்குப் பலசரக்குக் கடை இருந்தது. நொடித்துப்போனது. சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி விழுந்தது. எங்கள் ஊரில் வருஷக் கடைசியில் பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை, வீட்டுக் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். என் பெயர் அந்தப் பட்டியலில் இருந்த ஞாயிறு நான் உள்ளே போகவில்லை. மனைவியும் பிள்ளைகளும் போனார்கள். அதற்குப் பிறகு பாக்கியைக் கட்டியாயிற்று. உள்ளே போகிற கால் மட்டும் வரவில்லை. பண்டிகைக்குப் போவேன், சாவுக்குப் போவேன்.

வீட்டில் தினமும் வேதம் வாசிக்கிறேன். சங்கீதம் முழுவதும் கடனும் பகையும் பயமுமாக ஆண்பிள்ளைகள் கதறியதுதானே? தாவீது சபை நடுவில் சொன்னதை நான் என் சபை நடுவில் சொல்ல முடியாது. பெண்கள் சொன்னால் ஜெபிக்கிறார்கள். ஆண் சொன்னால் கையாலாகாதவன் என்கிறார்கள். சொல்கிறவர்களும் ஆண்கள்தான், அக்கா. உங்களைச் சொல்லவில்லை.

---

கைப்பிடி_அரிசி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். பாக்கிப் பட்டியலை ஒட்டுவது நம் வேதத்திலோ ஜெபப் புத்தகத்திலோ எங்கும் இல்லை. கமிட்டி தீர்மானம் போட்டுத் தொடங்கிய பழக்கம், தீர்மானம் போட்டே நிறுத்தலாம். இதைக் கேட்க வேண்டியது சேகரக் கமிட்டியில் இருக்கிற ஆண்கள்.

ஜெபக்குறிப்பைப் பற்றி எங்கள் சங்கத்தில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டையும் சொல்கிறேன். அடி, உதை, உயிர் பயம் என்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அன்றே ஐயரம்மாவும் (போதகரின் மனைவி) இரண்டு பெரியவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும். மற்ற காரியங்களில், வேலையோ கடனோ நோயோ, "அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லு" என்போம். கேட்காவிட்டால் பெயர் சொல்லாமல் ஜெபிப்போம். சில வீடுகளில் அந்தக் கேள்வியே புருஷனும் பெண்சாதியும் பேசத் தொடங்கக் காரணமாக இருந்தது.

---

கிராமச்_சேகரம் எழுதியது:

நான் ஒரு சேகரகுரு. பல ஊர்ச் சபைகளை ஒருவனே பார்க்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன வரலாறு ஊழியர் கூட்டங்களில் பெருமையாகப் பேசப்படுகிறது. 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தை நம் திருநெல்வேலி ஆட்களே தொடங்கினார்கள், பின்னாளில் பேராயரான அசரியா அதற்கு முன்பே வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் செயலராக ஊர் ஊராகச் சுற்றினார் என்றெல்லாம் சொல்கிறோம். அந்த ஆண்களுக்கு ஒரு வேலை இருந்தது என்பதைத்தான் விட்டுவிடுகிறோம். ஆண்கள் ஐக்கிய சங்கம் எங்கள் சேகரத்திலும் பெயருக்கு இருக்கிறது. வருஷத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் ஆராதனை நடத்துவார்கள், டிபன் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாத சகோதரர் எழுதியதைப் படித்தபின் எனக்கு இரண்டு காரியம் உறுதியாகத் தோன்றுகிறது. பாக்கியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதை என் சேகரத்தில் நிறுத்தப் போகிறேன். கமிட்டியில் எதிர்ப்பு வரும், வசூல் குறையும் என்பார்கள். குறைந்தால் குறையட்டும். இரண்டாவது, அசனத்துக்கு விறகு பிளக்கிற, கல்லறைக்குக் குழி வெட்டுகிற அந்த ஆட்களைக் கொண்டே மாதம் ஒரு நாள் வேலை நாள் வைக்கலாம் என்றிருக்கிறேன். விதவை வீட்டுக் கூரை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் குழாய், கல்லறைத் தோட்டத்து முள் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. பிரசங்கம் கிடையாது. வேலை முடிந்து சாப்பிடும்போது ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபிக்க விருப்பமுள்ளவர் ஜெபிக்கலாம். முட்டம் சகோதரரே, உங்கள் வின்சென்ட் தே பவுல் சபையில் அந்த வாரக் கூட்டத்தை யார் நடத்துகிறார்கள்? பங்குத்தந்தை இருப்பாரா?

---

முட்டம்_கடல் எழுதியது:

அவர்களே நடத்துவார்கள், ஃபாதர். தலைவர், செயலர் எல்லாம் ஊர் ஆட்கள்தான். சாமியார் எப்போதாவது வருவார். அவர் இருக்கிற நாளில் ஆட்கள் பேச மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

தேரிக்காடு எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள் ஐயரவர்களே. நீங்கள் வந்தால் எல்லாரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு "ஆமாங்கய்யா" என்பார்கள். முதல் சில மாதம் நீங்கள் வராமல் இருப்பதே உதவி. இன்னொன்று, கமிட்டி ஆட்கள் அதைத் தேர்தலுக்குக் கூட்டம் சேர்க்கப் பயன்படுத்துவார்கள். வேலை நாளில் தேர்தல் பேச்சு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த ஏற்பாட்டை நடத்துகிறவர் எந்த அணியிலும் வேட்பாளராக நிற்கக் கூடாது. இதில் தளர்ந்தால் ஒரு வருஷத்தில் அதுவும் இன்னொரு கமிட்டி ஆகிவிடும்.

---

ஷார்ஜா_ஷிப்ட் எழுதியது:

ஐயா, வேலை நாளை ஞாயிறு வைக்காதீங்க. லீவுல வர்றவனுக்கு அன்னைக்குத்தான் சொந்தக்காரங்க வீடு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வைங்க. ஆகஸ்ட்ல நான் வர்றேன், பிளம்பிங் வேலை இருந்தா எனக்கு ஒதுக்குங்க.

---

கைப்பிடி_அரிசி எழுதியது:

சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட வேண்டாம், அன்று நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள். அசனத்துக்குச் சமைக்கிற கைகள்தானே. கமிட்டியில் பாக்கிப் பட்டியல் தீர்மானம் வருகிற அன்று மட்டும் சொல்லியனுப்புங்கள், ஐயரவர்களே. உங்கள் சேகரத்துப் பெண்கள் சங்கத்தாரும் வந்து உட்காரட்டும்.